மலை எந்தக் கையில் இருந்தது

தக்சே கிராமம்
நீர்ப் பறவை வருடம், ஏழாம் மாதம், இருபத்தேழாம் நாள்

மச்சான் நம்கா அவர்களுக்கு லோட்ரோ எழுதுவது.

என் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கல்யாணத்தன்று நீங்கள் எங்கள் வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "என் தங்கச்சி இனிமே உங்கள மாதிரி மலைய வலக்கைப் பக்கம் வச்சுச் சுத்துவான்னா, எனக்குத் தங்கச்சியே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்" என்றீர்கள். அதன் பிறகு ஐந்து வருடமாக நீங்களும் எழுதவில்லை, நாங்களும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நான் அவளைத் தடுத்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மெத்தோக் உங்களிடம்தானே இருக்கிறாள்?

முழுநிலா கழிந்து நாலைந்து நாள் இருக்கும். விடிவதற்கு முன்னால் என்னைத் தட்டி எழுப்பினாள். "ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல. மலையச் சுத்திட்டு வந்துடறேன். மாட்ட நீ கறந்துடு" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தூக்கக் கலக்கம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் யாராவது ஒருவர் சுற்றிவிட்டு வருவது இங்கே புதிதில்லை. விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் வரவில்லை.

உச்சி மேய்ச்சலில் யாக் மேய்க்கும் பல்தென் அவளைப் பார்த்திருக்கிறான். வேண்டுதல் கொடிகள் கட்டிய கற்குவியலுக்குப் பக்கத்தில் நீலத் தலைத்துணியோடு உட்கார்ந்திருந்தாளாம். கற்குவியல் என்றால் சரிபாதிச் சுற்று. தேவதாருக் காட்டு ஏற்றம் முடிந்து, பள்ளத்தாக்கு வழியே இறங்குவதுதான் பாக்கி. அதனால் பள்ளத்தாக்கில் தேடினோம். ஊரே வந்தது மச்சான், குறை சொல்ல முடியாது. ஓடை மடுக்களில் கம்பு விட்டுத் துழாவினோம். காட்டுப்பூவரசுப் புதர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒருநாள் தேவதாரு ஏற்றத்திலும் சங்கு ஊதிக்கொண்டே ஏறி, முழுச் சுற்றாகச் சுற்றி வந்தோம்.

அப்புறம் அம்மாதான் சொன்னாள். "ஏன்டா மலையச் சல்லட போட்டுச் சலிக்கிற? கற்குவியலத் தாண்டி ஒரு பாத அவ பொறந்த சீமைக்குப் போகுதுல்ல? பாலத் தீய விட்டுட்டான்னு நான் ரெண்டு வார்த்த சொன்னேன். ரோஷக்காரி, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா." ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது. பார்லி முற்றி நிற்கிறது, ஆளாளுக்கு வேலை கிடக்கிறது. எனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

கோபமாக இருந்தால் அறுவடை முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா பேசினது தப்பு என்று சொல்லுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம், இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி போதும்.

லோட்ரோ

---

ஆஸ்பத்திரி, வண்டிப்பேட்டை நகரம்
எட்டாம் மாதம், நாலாம் நாள்

லோட்ரோவுக்கு,

அவள் இங்கே இல்லை. வரவும் இல்லை.

தொலைத்தது நீ, தேடுவது என்னிடமா? "அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஏன் தோன்றாது! பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாள் என்று வைத்துக்கொண்டால் கதிர் அறுக்கலாம், சாயங்காலம் வெண்ணெய்த் தேநீர் குடிக்கலாம், நன்றாகத் தூங்கலாம்.

உன் கடிதம் லாரிப் பேட்டைக்குப் போய், அங்கே நாள் கணக்காக டீக்கடைப் பலகையில் கிடந்து, யாரோ புண்ணியவான் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். மர லாரி வளைவில் கவிழ்ந்து என் கால் முறிந்து கிடக்கிறேன். மாவுக்கட்டுப் போட்டுக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தக் காகிதத்துக்குப் பதிலாக நானே வந்து உன் பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பேன்.

பல்தெனிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேள். மலை அவளுக்கு எந்தக் கையில் இருந்தது?

உன் தலைக்கு இது ஏறாது. விளக்கமாகவே எழுதுகிறேன். நாங்கள் போன் என்கிற பழைய மதத்துக்காரர்கள், உங்களைப் போலப் புத்த வழி இல்லை. எங்களுக்கு மலை இடக்கையில். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் சுற்றினாள். உன் ஊர்க்காரர்கள் பார்க்க, உன் அம்மா பார்க்க, உனக்காக அவள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றியிருக்கலாம். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மனசில் ஒரு பாரத்தோடு தனியாகப் போனவள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பாள்? பள்ளத்தாக்கு வழியே ஏறி, தேவதாரு வழியே இறங்கியிருந்தால், நீங்கள் மாய்ந்து மாய்ந்து தேடியது அவள் பத்திரமாக நடந்து முடித்த பாதியை.

அட முட்டாளே. ஊர் முழுக்க இத்தனை தலைகள் இருந்தும் ஒரு தலையில்கூட இது உதிக்கவில்லையா?

நம்கா

---

தக்சே
எட்டாம் மாதம், ஒன்பதாம் நாள்

மச்சான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திட்டியதற்கெல்லாம் நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் அவள் என்னை ஏமாற்றினாள் என்பது போல எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. ஐந்து வருடமாக என் பக்கத்தில், எங்கள் வழியில்தான் சுற்றினாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. போன வருடம் கற்குவியலில் உட்கார்ந்து, "இந்தப் பக்கமாவே வந்து வந்து எனக்கு இந்த மலையோட முதுகே மறந்துபோச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

பல்தெனைக் கேட்டேன். "ஒக்காந்திருந்தா. ஒக்காந்திருக்கறவளுக்கு மலை எந்தக் கையின்னு நான் எப்புடிச் சொல்ல? எழுந்து எந்தப் பக்கம் போனான்னு பாக்கல, யாக் ஒண்ணு எல்லை தாண்டிடுச்சு" என்கிறான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னதை ஊரில் சொன்னேன். தேவதாருக் காட்டில் மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்துவிடலாம், பத்துப் பேர் வாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. மலையைத் தப்பான பக்கம் சுற்றினால் ஆலங்கட்டி மழை விழும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கதிர் நிற்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்? "ஏறிப்போய்ப் பாக்கணும்னா இன்னும் நாலு தடவ வரோம்டா. எறங்கிப் பாக்கச் சொல்லாத. போன உசுருக்காக இருக்கற வயித்துல அடிக்காத" என்றார் ஊர்ப் பெரியவர். போன உசுரு. அவர் அப்படித்தான் சொன்னார். நான் தனியாகப் போகிறேன் என்று கிளம்பினேன். அம்மா நிலைப்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். "என்னைத் தாண்டிப் போ" என்றாள். பெற்றவளைத் தாண்டிக் கால் வைக்க என்னால் முடியவில்லை.

அதனால் நேற்று மறுபடி நாங்கள் தேவதாருக் காட்டில் ஏறினோம். எங்கள் வழியில்தான். இருபுறமும் பார்த்தோம். ஒன்றுமில்லை மச்சான். அங்கே அவள் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் லாரி எப்போது கவிழ்ந்தது? அவள் போனதற்கு முந்தின சாயங்காலம் தேயிலைக் கட்டி ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றார். உங்கள் பக்கத்துப் பேச்சில் அவளிடம் ஏதோ சொன்னார், எனக்குப் பாதி புரியவில்லை. அவர் போன பிறகுதான் அடுப்பில் பால் தீய்ந்தது. அதற்குத்தான் அம்மா திட்டினாள். அன்று இரவு அவள் வாயே திறக்கவில்லை. அம்மா பேச்சினால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிரைவர் உங்களைப் பற்றித்தான் சொல்லியிருப்பாரா?

லோட்ரோ

---

ஆஸ்பத்திரி
எட்டாம் மாதம், பதினாலாம் நாள்

மாப்பிள்ளை,

இந்த வார்த்தையை என் பேனா எழுதும் என்று நான் நினைத்ததில்லை. இப்போது எந்த வார்த்தை சொன்னால் நீ கேட்பாயோ அந்த வார்த்தையைச் சொல்கிறேன்.

லாரி கவிழ்ந்தது முழுநிலாவுக்கு மறுநாள். தேயிலை டிரைவரை எனக்குத் தெரியும், நல்லவன், கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான். "நம்கா இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லியிருப்பான். உண்மையில் எனக்கு அவ்வளவு மோசமில்லை. அவள் மலையேறிய அன்று நான் இங்கே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரனோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். ஜெயித்தேன்கூட.

அவள் எனக்காகத்தான் போயிருக்கிறாள். உன்னிடம் என் பேரைச் சொன்னால் வீட்டில் பேச்சு வரும் என்று "ஒருத்தருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். எனக்காகச் சுற்றுகிறவள் என் பக்கமாகத்தான் சுற்றுவாள். இதற்கு மேல் யாரும் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டாம். ஐந்து வருடம் தங்கையே இல்லை என்று வீறாப்பாகத் திரிந்தவனுக்காக அவள் இருட்டில் எழுந்து போயிருக்கிறாள்.

நீங்கள் தேவதாருக் காட்டில் எத்தனை தடவை ஏறினாலும் ஒன்றுதான். நான் மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன், சொல்வதைக் கேள். ஒரே ரோடு, போகும்போது ஒரு ரோடு, வரும்போது வேறு ரோடு. போகும்போது கண்ணில் படாத பள்ளம் வரும்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவள் இறங்கினாள். இறங்குகிறவன் கண்ணுக்குத்தான் அவள் விழுந்த இடம் தெரியும்.

நீ போ. மலையை இடக்கையில் வைத்து, பள்ளத்தாக்கில் ஏறி, கற்குவியலில் நில்லாமல், தேவதாரு வழியே இறங்கு. அம்மா படுத்திருந்தால் தாண்டிப் போ. ஆலங்கட்டி விழுந்தால் பழி என் தலையில், என் பேரைச் சொல்லிச் சபிக்கச் சொல். ஊரே சபித்தாலும் இதைவிடக் கீழே நான் போக இடமில்லை.

அவள் உயிரோடு இருப்பாள் என்று நான் சொல்லவில்லை. நான் பச்சைப் பிள்ளை இல்லை. ஆனால் காட்டில் அப்படியே கிடக்க விட்டுவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நம்கா

---

தக்சே
எட்டாம் மாதம், இருபத்துமூன்றாம் நாள்

மச்சான்,

கிடைத்துவிட்டாள்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து நாள் கடத்திவிட்டேன். இப்போதும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா நிலைப்படியில் படுக்கவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணனுக்காடா போனா?" என்று கேட்டாள். பிறகு பின்பக்கம் போய் மாட்டுக்குப் புல் போட ஆரம்பித்தாள், திரும்பியே பார்க்கவில்லை. நான் கிளம்பினேன்.

பள்ளத்தாக்கில் ஏறும்போது என் கால் எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது. பிறந்ததிலிருந்து நடக்கும் பாதை, ஒரு கல்கூட அடையாளம் தெரியவில்லை. ஜபமாலையை எந்தப் பக்கம் உருட்டுவது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டேன். கற்குவியலுக்கு வந்தபோது, நீங்கள் நில்லாமல் போகச் சொன்னீர்கள், நான் நின்றேன். மலையின் முதுகு மறந்துபோச்சு என்றாளே, அந்த முதுகு அங்கிருந்து முழுசாகத் தெரிந்தது. அவளோடு ஒரு தடவையாவது இந்தப் பக்கமாக வந்திருக்கலாம். யார் குடி முழுகியிருக்கும்?

தேவதாருக் காட்டில் பாதி இறக்கத்தில் ஒரு பெரிய பாறை, நாங்கள் காளை முதுகு என்போம். ஏறி வருகிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மேலே நடப்போம். பாறைக்கு மேற்பக்கச் சரிவில், அதை ஒட்டினாற்போல், பாதை விளிம்புக்குக் கீழே ஒரு குழிவு இருக்கிறது. ஏறுகிறவனுக்குப் பாறை மறைத்துவிடும். பாறையைத் தாண்டினால் குழிவு அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சுற்றில் ஏறும்போது நாங்கள் ஓர் அடிகூடப் பின்வாங்கி வைக்கமாட்டோம், திரும்பிப் பார்ப்பதும் வழக்கமில்லை. இறங்குகிறவனுக்கு அது நூறு அடி தூரத்திலேயே தெரிகிறது மச்சான். நீங்கள் சொன்னபடியேதான்.

முதலில் தலைத்துணியைப் பார்த்தேன். ஒரு கிளையில் கட்டி, மேலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படும்படி தொங்கவிட்டிருந்தாள். காற்றில் போய் மாட்டியது இல்லை, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. அதன் கீழே அவள். மழையில் விளிம்பு சரிந்து விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு போயிருக்க வேண்டும். மாவுப்பையைத் திருப்பிப் போட்டு வழித்துத் தின்றிருக்கிறாள். கைக்கு எட்டிய தேவதாருக் காய்களையெல்லாம் உரித்துக் கடித்துப் போட்டிருந்தாள், பக்கத்தில் சின்னக் குவியலாகக் கிடந்தது. பட்டையில் வழியும் தண்ணீரைப் பிடிக்க இலையை மடித்து வைத்திருந்தாள். ஒரு நாளில் செய்கிற காரியமில்லை மச்சான் இது. ஒரு நாளில் இல்லை.

நாங்கள் முதல் தடவை அந்த வழியாக ஏறியபோது அவளுக்கு உயிர் இருந்திருக்கும். அந்தப் பாறை மேல்தான் உட்கார்ந்தோம். உலர்ந்த பாலாடைக்கட்டி தின்றோம். யாரோ ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். அவள் கூப்பிடாமலா இருந்திருப்பாள்? கூப்பிட்டிருப்பாள். நாங்கள் சங்கு ஊதிக்கொண்டிருந்தோம். ஊதியது நான்தான்.

துணியை ஏன் மேல்பக்கம் பார்க்கக் கட்டினாள் என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. கீழிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி பாறையோரக் கிளையிலும் கட்டியிருக்கலாம், அதுவும் கைக்கு எட்டுகிற தூரம்தான். எங்கள் ஊர் எந்தப் பக்கம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் மேல்பக்கம் கட்டினாள் என்றால் ஒன்றுதான் அர்த்தம். ஊர் வரும் என்று கட்டவில்லை. நான் வருவேன், எந்தப் பக்கம் போனாள் என்று எனக்குப் புரியும், அவள் அடியைப் பிடித்துக்கொண்டே வருவேன் என்று நம்பியிருக்கிறாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவளை நான் அறுவடை முடிந்து அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன்.

முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன். எடையே இல்லை. ஊர் எல்லையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் என்னை எந்தப் பக்கமாக வந்தாய் என்று கேட்கவில்லை. உங்கள் ஊர் போன் குருவை வரவழைத்தோம், அவர் சொன்ன முறையில்தான் எரித்தோம். அம்மா சிதைக்கு ஜூனிபர் கட்டைகளைத் தானே சுமந்து வந்தாள்.

கதிர் இன்று அறுத்து முடிந்தது. ஆலங்கட்டி விழவில்லை மச்சான். ஒரு பொட்டுகூட விழவில்லை. வானம் அலசிவிட்டது போல இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஒரு படி ஆலங்கட்டியாவது விழுந்திருந்தால், இதற்குத்தானே பயந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

கால் சரியானதும் வாருங்கள். சாம்பலில் உங்கள் பங்கை வைத்திருக்கிறேன்.

லோட்ரோ

---

வண்டிப்பேட்டை
ஒன்பதாம் மாதம், எட்டாம் நாள்

மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு, உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டாவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

நீ வருவாய் என்று அவள் நம்பினாள் என்று எழுதி உன்னை நீயே அறுத்துக்கொள்கிறாய். நான் உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை, என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. ஆனால் கேள். கல்யாணத்தன்று உன் வாசலில் நின்று நான் கத்தியிருக்காவிட்டால், அவள் பட்டப்பகலில் "எங்கண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, எங்க பக்கமா சுத்திட்டு வரேன்" என்று உன்னிடமே சொல்லிவிட்டுப் போயிருப்பாள். நீயும் கூடப் போயிருப்பாய். நீ போகிற ஆள்தான். உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வருடம் முன்பே தெரிந்துகொள்ள எனக்கு யார் தடை சொன்னது?

சாம்பல் உன்னிடமே இருக்கட்டும். வருகிறேன் என்று பொய் சொல்ல மனமில்லை. அந்த மலையை எந்தப் பக்கமாகவும் என்னால் பார்க்க முடியாது.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா படம் பிடித்த தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, எலும்பு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு நேராகக் கூடி அவர் பார்த்ததில்லை என்றார். "யாரோ உங்களுக்காக ரொம்ப வேண்டியிருக்காங்க போல" என்று சிரித்தார். வார்டு முழுக்கச் சிரித்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பிறகு கையை விட்டேன். சுவர் வரை போனேன், திரும்பி வந்தேன்.

வலியே இல்லை, மாப்பிள்ளை. கொஞ்சமாவது வலிக்கக் கூடாதா?

நம்கா